உப்புக்குள் ஒரு துளி

கிராக்கோவில் எங்கள் ஆய்வகம்
டிராம் பாதையை ஒட்டி இருந்தது.
நீரில் தூசி ஆடுவது டிராமால்தான் என்றார் பேராசிரியர்.
கடைசி டிராம் போனபின் பார்த்தேன். ஆடியது.
பனி கொட்டி ஊரே வாய்மூடிய ஞாயிறன்று பார்த்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
ஆடியது, ஆடியது.

அதனால்தான் வியெலிச்கா.
உப்புச் சுரங்கத்தின் மூன்றாம் தளம்.
நுண்ணோக்கியை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
விளக்குப் பிடிக்க அம்ப்ரோஜி என்றொருவன்,
புருவமெல்லாம் உப்பு.
அங்கே சத்தமென்று இருந்தது
எங்கோ ஒரு குதிரை
செக்கைப் போல் ராட்டினம் சுற்றுவது மட்டும்.
அதையும் நிறுத்தச் சொன்னேன்.

தன் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தந்தான்,
கட்டைவிரல் பருமன், கண்ணாடித் தெளிவு.
உள்ளே ஒரு துளி நீர்.
கடல் வற்றியபோது வெளியேற மறந்தது.
துளிக்குள் ஒரு துகள்.
வில்லைக்குக் கீழே வைத்தேன்.

எத்தனை லட்சம் ஆண்டுகளோ,
டிராம் இல்லை, காற்றில்லை, பார்க்க ஆளில்லை,
இருட்டில்
அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்ப்ரோஜியும் குனிந்து பார்த்தான்.
"அவரன்றி ஓர் அணுவும் அசையாது" என்று
சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.
பிறகு மெதுவாக:
"ஆனால் பன்னா போகுமிவா,
எங்கே போவதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறதே?"

அரை நிமிடத்துக்கு ஒருமுறை
கடிகாரம் பார்த்து "ம்" என்பான்.
கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பேன்.
இருநூற்று நாற்பது "ம்".
புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தேன்.
கோடு ஒவ்வொன்றும் பொய்.
அரை நிமிடத்தை அரை நொடியாக்கினால்
அந்த நேர்கோட்டுக்குள்ளும் இதே கிறுக்கல்,
அதற்குள்ளும்.
எந்த இடத்திலும் ஒரு தொடுகோடு வைக்க முடியாது.
வேகம் என்ன என்று கேட்டால்
அதற்கு வேகமே இல்லை.

"எவ்வளவு தூரம் போயிருக்கிறது?"
கிழக்கைக் கூட்டினேன், மேற்கைக் கழித்தேன்.
ஏறக்குறைய சுழி.
அவன் சிரித்துவிட்டான்.
"பதினோரு வருடம், காலையில் கீழே, மாலையில் மேலே.
என்னைக் கூட்டினாலும் அதுதான் வரும்."

நான் வர்க்கங்களைக் காட்டினேன்.
இடப்பக்க மூன்றும் ஒன்பது, வலப்பக்க மூன்றும் ஒன்பது.
வர்க்கத்தில் எதுவும் எதையும் அடிக்காது.
அது காலத்தோடு ஏறிக்கொண்டே போகும்.
ஆனால் கருமித்தனமாக:
இரண்டு மடங்கு தள்ளிப்போக
நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும்.

"நான்கு மடங்கா?" என்றான்.
எதையோ மனசுக்குள் கணக்கிட்டான்.
பதினோரு வருடத்தையா, வேறெதையுமா, நான் கேட்கவில்லை.
எழுந்து போய்க் குதிரையை அவிழ்த்துவிட்டான்,
அது தன் வட்டத்தைத் தொடங்கிற்று.

கட்டியை எனக்கே கொடுத்துவிட்டான்.
விலையாக என் பென்சிலைக் கேட்டான்.

ரயிலில் வர்க்கங்களைத் திரும்பக் கூட்டினேன்.
நூற்றுப் பதினேழாவது புள்ளியில் தவறு.
அங்கே அவன் தும்மியிருந்தான்.
அடிக்கலாமா என்று யோசித்தேன்.
பென்சில் இல்லை.
கோட்டுப் பையில் உப்பு
என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.