நடுவில் விழுந்தது

முகப்பேர் ஷட்டில் கோர்ட், மணிக்கு முந்நூறு.
வியாழன் ஆள் குறைய,
மியாகே சினோவுக்கு ஜோடி
ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் நான்.

ஒரகடம் கார் கம்பெனிக்காரர் மனைவி என்றுதான்
வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம்.
பதினோரு வருடம் ஜப்பானுக்கு இரட்டையர் ஆடியவராம்,
தேடிப் பார்த்துச் சொன்னது வாட்ச்மேன் மகன்.

முழங்கையில் பட்டை. ஓடுவதேயில்லை.
காக்தான் அவர் நிற்குமிடம் தேடி வருகிறது.

இருவருக்கும் நடுவே ஒன்று விழுந்தது.
யாரும் அசையவில்லை.
"ஸாரி" என்றார், "நடுவில் வந்தால்
தொமோகோ எடுப்பாள்."

இப்போது எந்த ஊரில் இருக்கிறாள், கேட்கவில்லை.
ஸ்கோர் ஒன்பதுக்கு இருபது.
வியர்வையில் கண்ணாடி வழுக்குகிறது.

தட்டிக்கொள்ள ராக்கெட்டை நீட்டினார்,
திரும்பாமலே.
அது என் தலைக்கு மேலே
தொமோகோ உயரத்தில் நின்றது.

எம்பித் தட்டினேன்.