பக்கம் நாற்பத்தொன்று

தார்த்து நகரில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்
வியாழன்தோறும் ஏழு நாற்காலி போடுகிறேன்.
ஒன்று உர்மாஸின் நனைந்த கோட்டுக்கு.
தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் மாய்மு
ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள்.

மூன்று வாரமாய் ஒரே வாக்கியம்:
நாளை இருக்கப்போவது இன்று எங்கே இருக்கிறது?
எங்கும் இல்லை என்று தாவெத் மேசையைக் குத்த,
கேள்வியே தப்பு என்று ஹெல்வே கண்ணாடியைத் துடைக்க,
ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி மிதிக்க,
விதி ஒன்று கொண்டுவந்தேன்.
தேநீர்க் குடுவையின் மூடி யார் கையிலோ
அவருக்கே பேச்சு. ஊற்றிய தேநீர் ஆறும்வரை.

(உர்மாஸ் பேச்சினூடே
சூடாய் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வான்.)

மாய்முவிடம் வந்தால் மூடி நிற்காது.
ஏழு வாரம், ஒரு சொல் இல்லை.

நேற்று வைத்துக்கொண்டாள்.
ஆவி அடங்கிற்று. தேநீர் ஆறிற்று.
விதியை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நம் எஸ்தோனிய மொழியில்
எதிர்காலத்துக்கென்று வினை கிடையாது.
நாளை வருகிறேன் என்றுதான் சொல்கிறோம்,
வந்தும் விடுகிறோம்.
இந்த வரியை மொழிபெயர்த்தவர்
பாவம், எங்கெல்லாம் சுற்றியிருப்பார்."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.
ஹெல்வே முதல்முறையாக
முந்தைய பக்கத்துக்குத் திருப்பினாள்.

இரவு எல்லோருக்கும் எழுதினேன்:
அடுத்த வியாழன், ஏழு மணி, அதே பக்கம். கூடுகிறோம்.
அந்தக் கடைசிச் சொல்லை
அனுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.

பிறகு உர்மாஸுக்கு மட்டும் தனியாக ஒரு வரி:
கோட்டை ஆணியில் மாட்டு.