தீப்பெட்டி எண் பதினேழு

முவான்சாவில் விடியுமுன் எழுபவை
மொட்டைத்தலை நாரைகள்.
அடுத்து, மீன் சந்தைச் சாக்குகளுக்கடியிலிருந்து
பையன்கள்.
குப்பைமேட்டில் யார் முந்துவது என்பது
அன்றைய பசியைப் பொறுத்தது.

திங்களன்று காலித் தீப்பெட்டிகள் கொடுத்தேன்.
ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண், உள்ளே ஓர் ஈர்க்குச்சி.
"சுண்டுவிரல் நகமளவு போதும்" என்றேன்.
ஒருவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தே விட்டான்.
நிரப்பிய பெட்டிக்கு ஒரு மண்டாசி,
சூடாக, சர்க்கரை தூவாதது.

செவ்வாய் காலை இருபத்திரண்டு பெட்டிகள் திரும்பின.
மின்சாரம் இல்லை.
மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் திருப்பி
ஏரியிலிருந்து வந்த வெளிச்சத்தைப் பிடித்தேன்.
கொக்கிப்புழுவின் முட்டை அழகானது.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
மெல்லிய சுவர், உள்ளே நான்கு அறை,
நான்கிலும் குடியிருப்பு.
ஊரில் இத்தனை ஒழுங்கான வீட்டை
இந்தப் பிள்ளைகளின் மலத்தில்தான் பார்க்கிறேன்.

பதினைந்தில் தக்காளி விதை, மிளகாய்த் தோல்,
கிராம்பின் ஒரு துணுக்கு.
பதினாறில் தக்காளி விதை, மிளகாய்த் தோல்.
பதினேழில் கிராம்பின் மீதி.
முட்டைகளை எண்ணினேன், ஏறக்குறைய ஒன்றே.
மூன்று பெயர், ஒரே குடல்.

மூன்று மண்டாசிக்காக என்னையே ஏய்த்தார்களா என்று
கோபம் வந்தது. கூப்பிட்டேன்.
லுஹெண்டே உடனே ஒத்துக்கொண்டான்:
"ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டுப் பின்வாசல்ல
எனக்கு மட்டும் பிலாவ் கிடைச்சுது.
அதான், என்கிட்ட மூணு பேருக்கும் இருந்துது."
புஜிக்கு தரையைப் பார்த்தான்.
ஷிஜா என்னைப் பார்த்தான்.
"சனிக்கிழமையிலேர்ந்து உள்ள ஒண்ணும் போகல அக்கா.
வெளிய எதைத் தர்றது?"

மருத்துவர் ருவெகசிரா பதிவேட்டைப் பார்த்து
இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னார். நியாயம்தான்.
ஒருவனை மூவராக எண்ணினால் கணக்கு பொய்.
ஸ்கேல் வைத்து அடித்தேன். பதினாறு. பதினேழு.
பட்டினி கிடப்பவன் எங்கள் கணக்கில் ஏறுவதற்கும்
முதல்நாள் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இரத்தத்துக்கு அந்த நிபந்தனை இல்லை.
ஷிஜாவின் விரலைக் குத்தினேன்.
மீன் தட்டைக் கழுவிய தண்ணீர் போல
ஒரு சொட்டு யோசித்து யோசித்து வந்தது.
கீழிமையை இழுத்தால் உள்ளே வேகாத மாவு.
பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில்
ஐந்து புள்ளி இரண்டு.
கால்சட்டைப் பையில் ஒரு களிமண் கட்டி,
சந்தையில் கர்ப்பிணிகள் வாங்குவது.
"மழை மாதிரி ருசி அக்கா."
என்ன விலை என்றேன்.
"உடைஞ்சதைச் சும்மாவே தருவாங்க."

புழு மாத்திரையை என் கண்முன் மென்றான்.
இரும்பு மாத்திரையின் உறையை உரக்கப் படித்தேன்:
தினம் ஒன்று, உணவுக்கு...
அதோடு என் குரல் நின்றது.
அதே ஸ்கேலால் அதையும் அடித்தேன்.
மேலே எழுதினேன்: படகுகள் வந்த பிறகு.
அந்த நேரம் அவனுக்குத் தெரியும்.
அப்போது வலை உதறுபவர்கள்
பொடிமீன் தலைகளை வாளியில் தள்ளுவார்கள்.
"மாத்திரையை எங்கே வைப்பாய்?"
எனக்கே அபத்தமாகப் பட்ட கேள்வி.
கஞ்சி விற்கும் நியாமிசியிடம்
ஒரு டப்பா இருக்கிறது என்றான்.
அதில் ஏற்கெனவே புஜிக்குவின் ஒரு பல் இருக்கிறதாம்.

பத்தொன்பது நாள் கழித்து
ஆய்வகத்தைத் திறக்க வந்தேன்.
படியில் ஒரு தீப்பெட்டி.
கரித்துண்டால் கோணலாகப் பதினேழு.
திறந்தேன். தார் போலக் கறுப்பு.
இரும்பு உள்ளே போயிருக்கிறது.

எதிர்ப்புறம், டயர் கடை மறைவிலிருந்து ஒரு குரல்,
தெருவே திரும்பிப் பார்க்கும்படி:
"அது என்னோடது! முழுசும் என்னோடது!"

அன்று என்னிடம் மண்டாசி இல்லை.
பொறு என்று கை காட்டி
சில்லறைக்காகப் பையைத் துழாவுவதற்குள்
அவன் இறங்கிவிட்டான்,
மிரோங்கோ ஓடையின் சேற்றில்,
நாங்கள் எல்லோரும் கழுவிவிடுவது வந்து சேரும் சேற்றில்,
குதித்துக் குதித்து, வெறுங்காலோடு.