சரித்துப் போட்ட கப்பல்

பொறுமை என்று அதற்குப் பெயராம்.
துபாசி தொம்மை சொன்னான்,
சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்:
பதினாலு பீரங்கி வைத்த பொறுமை.

உட்துறைமுகத்து ஒதுக்கில்
கரைப் புளியில் வடம் கட்டி
பாய்மரத்தைப் பிடித்திழுத்து
ஒருக்களித்துப் போட்டார்கள் அதை,
ஈனக் கிடக்கும் எருமை போல.
இறக்கிய பீரங்கிகள் மணலில் கிடந்தன.
அவற்றின் வாய்க்குள் நண்டு குடியேற
இரண்டு நாள்தான் எடுத்தது.

மட்டி எடுக்கும் பெண்களைக் கூப்பிட்டார்கள்.
கத்தி எங்களுடையது.
கூலி நாளுக்கு ஒரு காசு, ஒரு சிரட்டை அரிசி.
சீதேவி, கண்ணாத்தை, நான்,
மூதூரிலிருந்து தோணியில் வந்த
பேச்சுக் குறைந்த இரண்டு சகோதரிகள்.

கடல் கடலாய்ச் சண்டைபிடித்த கப்பலின் அடிவயிறு
எப்படி இருக்குமென்று நினைத்தீர்கள்?
பாசி. கொட்டலசு. வழுவழுப்பு.
எங்கள் இறங்குதுறைப் படி மாதிரியேதான்.
முகப்புச் சிங்கத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்;
கீழே, எவனும் பாராத இடத்தில்,
எந்தக் கடலிலோ ஒட்டிக்கொண்ட
ஊதாச் சிப்பி ஒன்று உயிரோடிருந்தது.
மடியில் போட்டுக்கொண்டேன்.
இரவு அவித்தேன். ருசியில்லை.

ஒரு பொடியன் இருந்தான், பீரங்கிக்கு மருந்து சுமப்பவன்.
பத்து வயதிருக்கும். மூக்குத்தோல் உரிந்து
உள்ளே எலிக்குஞ்சு நிறம்.
கல்லுப்போன்ற ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டுவான்.
புழுவைத் தட்டிவிட்டுத்தான் தருவான்,
மரியாதை தெரிந்தவன்.

ஐந்தாம் நாள்
அடிமரத்திலிருந்து மூன்றாம் பலகையில்
கத்திமுனை போனது. போய்க்கொண்டே இருந்தது.
வெளியே ஊசிக்கண் அளவில் துளைகள்;
தோல் உடைந்ததும்
பெருவிரல் முழுசும் இறங்கியது.
உள்ளே தேன்வதை.
குண்டுக்குத் தப்பிய மரத்தை
எலும்பில்லாத ஒன்று தின்றிருந்தது.

கலப்பத்துக்கார உதுமாலெவ்வையிடம் காட்டினேன்.
சுத்தியல் காம்பால் தட்டினான், காது வைத்தான்,
"பலகை மாத்தவேணும்" என்றான்.
தொம்மை போய்ச் சொன்னான்.
கப்பல் தச்சன் எட்ட நின்று பார்த்துக் கையை வீசினான்.
காற்று மாறுமுன் போகவேணுமாம்.
பிரெஞ்சுக்காரன் வருகிறானாம்.
சுரண்டச் சொன்னது, சோதிக்கச் சொல்லவில்லையாம்.
இது தச்சன் சொன்னதா,
தொம்மை சேர்த்ததா, தெரியாது.
உதுமாலெவ்வை நாரும் குங்கிலியமும் அடைத்தான்,
மேலே கொழுப்பைப் பூசினான்.
பார்க்க அழகாய்த்தான் இருந்தது.

எட்டு நாள் வேலையை ஆறு என்று எண்ணினார்கள்.
அன்று அந்தப் பலகையை நினைத்தேன்,
கொஞ்சம் சந்தோஷமாக.
இப்போது மறைத்து என்ன?

பீரங்கி ஏற்றும் நாளில்
பொடியன் கப்பலின் விலாவைத் தட்டினான்,
கன்னத்தில் கைவைத்துக் கண்மூடிக் காட்டினான்:
இங்கேதான் தூங்குவேன்.
அந்தப் பலகைக்கு நேர் மேலே.
நான் உள்ளங்கையை விரித்து
நடுவில் விரலால் குத்திக்காட்டினேன்.
அவன் சிரித்து, தன் விரலால்
என் கையில் குத்தினான்.
மறுபடி குத்தினேன். மறுபடி சிரித்தான்.
மூன்றாம் தரம் சீதேவி கூப்பிட்டாள்,
போய்விட்டேன்.

கச்சான் காற்றின் கடைசியில்
விடியமுன் போனது பொறுமை.
சுவாமிமலையைச் சுற்றும்போது
ஒரு வெடி போட்டார்கள்,
கோயில் இல்லாத மலைக்கு
என்ன மரியாதையோ.

பிறகும் கப்பல்கள் வந்தன. பெயர் கேட்பேன்.
வெற்றி, வேகம், யாரோ ஒரு ராணி என்பான் தொம்மை.
அது வேறு துறைக்குப் போயிருக்கலாம்.
பொடியனுக்கு மீசை முளைத்திருக்கலாம்.

மாரியில் பலகைகள் கரையொதுங்கும்.
கண்ணாத்தை விறகுக்கு இழுத்துப்போவாள்.
நான் புரட்டிப் பார்ப்பதில்லை.
அவள் அடுப்படிக்குப் போனால் மட்டும்
மூச்சை இழுத்துப் பார்ப்பேன்,
கொழுப்பு வாசம் இருக்கிறதா என்று.
இதுவரை மீன் வாசம்தான்.