பத்தொன்பதாம் அத்தியாயம்

டர்பன் துறைமுகம், எடைமேடைக் கூண்டு,
இரவு ஒன்று நாற்பது.
வலது காதில் லாரிகள்.
இடது காதில்
வியாழனுக்கு அப்பால் ஒரு விண்கலம்
மெல்ல உடைந்துகொண்டிருக்கிறது.

ஓட்டுபவள் பிடிவாதக்காரி.
அவள் தண்ணீர்த் தொட்டிக்குள்
எப்படியோ குடியேறிவிட்டது ஒரு நதி.
நதி என்றால் நதிதான்.
சாபத்தில் கரை இழந்தது,
ஆண்குரலில் பேசுவது.
உன் உலையை நான் குளிர்விக்கிறேன், என்கிறது,
பதிலுக்கு
உன் ஊரில் மழை எப்படிப் பெய்யும், சொல்.
அவள் பிறந்ததோ கண்ணாடிக் குவிமாடத்துக்குள்.
மழையைப் பார்த்ததே இல்லை.
பொய் சொல்கிறாள், இரவிரவாக.
பொய்யிலேயே நனைகிறது நதி.

சிரிக்காதீர்கள்.
முதல் அத்தியாயத்தில் நானும் சிரித்தேன்.
ஐம்பத்து மூன்று வயது,
விடிந்ததும் சாட்ஸ்வொர்த் போய்
சர்க்கரை மாத்திரை போட வேண்டியவள்,
இந்த இரண்டு பேருக்கும் ஆகுமா ஆகாதா என்று
இரண்டு வாரமாக நகம் கடிக்கிறேன்.

வாசிக்கும் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
காதல் வருகிற இடத்துக்குச் சற்று முன்
ஒருமுறை எச்சில் விழுங்குகிறது அது.
வெட்டி எறிந்திருக்கலாம்.
யாரோ விட்டுவைத்திருக்கிறார்கள்.
அதற்காகவே பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டு
முப்பத்து நாலு டன் மக்காச்சோளத்தை
நாற்பத்து மூன்று என்று எழுதிவிட்டேன் ஒருநாள்.
பூபாலன் சார் கத்தினார்.
பாதிதான் கேட்டது.
காலியாக இருந்தது ஒரு காதுதானே.

ம்தோகோசிசி வருகிறார், ஹாரிஸ்மித்திலிருந்து.
இந்தக் கதையை அவருக்குச் சொன்னதே நான்தான்.
வான் ரீனன் கணவாய் நீளமானது,
முந்திவிட்டார்.
நான் பதினாறில்,
அவர் பத்தொன்பதில்.
கண்ணாடியை இறக்கும்போதே
முகத்தில் ஏதோ இருக்கிறது.
"சிசி, அந்த நதி..."
"சொல்லாதீங்க!"
எடைச்சீட்டைக் கேடயமாகப் பிடிக்கிறேன்.
வாயைப் பொத்திக்கொள்கிறார்.
கண் சிரிக்கிறதா கலங்கியிருக்கிறதா,
இந்த மஞ்சள் விளக்கில் ஒரு மண்ணும் தெரியவில்லை.

கியர் விழுந்து லாரி நகர,
திறந்த ஜன்னல் வழியே
அதே குரல்,
அரை வாக்கியம்:
"...இன்னும் சூடாக இருந்தது."

எது?
உலையா? அவள் கையா?
பொய்யாய்ச் சொன்ன அந்த மழையா?

அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
அதைச் சொல்வதற்கு முன்
விழுங்கியதா அந்தக் குரல்?