மேற்படி நாய்

சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.
திறந்தால் பல்லி விழும். குடியிருக்கிற பல்லி, பயப்படாதே.

வோல்கா,
ராத்திரி இரண்டு மணிவரை உனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.
கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் தட்டச்சு அடித்த கை,
"மேற்படி நாய்" என்றே முதல் வரி வந்தது.
கிழித்துப் போட்டேன்.

பெயர் வாய்தா.
என் வழக்கு ஏழாவது முறை தள்ளிப்போன அன்று
ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டுக்கடியில்
மழைக்கு ஒண்டிக்கிடந்தது.
தீர்ப்பு வர இன்னும் மூன்று வருஷம் ஆனது.
எனக்குக் கிடைத்தது கிரைண்டர்.
அந்தச் சத்தம் இதற்கு ஆகாது.
மாவைக் கடையில் வாங்கிக்கொள்.

எட்டு மணிக்கு வலிப்பு மாத்திரை, பாதி.
பூவன் பழத்தில் வைத்தால் பழத்தைத் தின்று மாத்திரையைத் துப்பும்.
ரஸ்தாளி என்றால் யோசிக்காமல் விழுங்கும்.
கருவாடு கேட்கும்.
உப்பு, கூடாது.
ஆனால் அது கேட்கிற விதத்தில் நீ தோற்றுவிடுவாய்.
தோற்றால் ஒன்று.
ஒன்றே ஒன்று.

எலி மருந்தை எடுத்துப் புதைத்துவிட்டேன்.
கிணற்றுக்குக் கம்பிவலை போட்டாகிவிட்டது.
செருப்புகள் எல்லாம் பரண்மேல்,
என்னுடைய இடதுகால் செருப்பைத் தவிர.
தாடையை அதன்மேல் வைத்தால்தான் தூக்கம்.
சாக்கில் துவைக்காத என் நைட்டி ஒன்றை விரித்திருக்கிறேன்,
டாக்டர் திருமேனி சொன்னது.
மாடு பார்க்கிறவர். நாய் என்றால் அலுத்துக்கொள்வார்,
கூப்பிட்டால் வருவார்.
வேறு யாராவது வீட்டுக்கு வந்தால் நைட்டியைச் சுருட்டி மறைத்துவிடு.

போன ஞாயிறு ஒத்திகை பார்த்தோமே,
நான் மூன்று மணிநேரம் வெளியே போகவில்லை.
முனை மருந்துக் கடையில் நின்றுகொண்டு
இருமல் மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பதாவது நிமிஷம் நீ போன் செய்தாய்:
"தூங்குதுக்கா."
நல்லது என்றேன்.
எனக்கு அது கொஞ்சம் பிடிக்கவில்லை.

மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
கடைமடைக்கு எதுவும் கடைசியில்தானே.
நான் இல்லாத ஏதோ ஒரு ராத்திரியில்
முள்ளியாற்றில் தண்ணீர் வரும்.
வெங்காயத்தாமரை, ஒற்றைப் பந்து, நுரை, சாராய பாட்டில்
எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும்.
நமக்கு அப்போது ஒன்றும் கேட்காது.
வாய்தா மட்டும் கேட்டில் கால்வைத்து நின்று
ஊரே சுவரேறிக் குதித்ததுபோலக் குரைக்கும்.
அதட்டாதே.
சங்கிலியைப் போட்டுப் படித்துறைக்குக் கூட்டிப் போ.
குனிந்து முகரும். பின்வாங்கும். மறுபடி முகரும்.
ஒரு வாய் குடிக்கும்.
அவ்வளவுதான், அடங்கிவிடும்.
கட்சி ஆபீஸ் நிலப்படத்தில் பார்த்த ஆற்றை
உனக்குப் பேராக வைத்தாரே உன் அப்பா,
ஒரு ஆற்றை நாய்க்கு அறிமுகம் செய்துவைக்க
உன்னைவிட யார் பொருத்தம், சொல்.

தெருவில் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன்.
ஒன்பது நாள், கொடைக்கானல், அரசாங்கச் செலவு.
நீ ஒருத்திதான் கேட்கவில்லை,
அதனால் உனக்குச் சொல்கிறேன்.
தூத்துக்குடி.
உப்பளத்தில் கணக்கெழுதுகிற ஒருவர்.
ஒன்றரை வருஷமாகக் குரல் மட்டும் தெரியும்.
நாற்பத்தேழு வயதில்
நீலச் சேலையை மூன்று முறை கட்டி அவிழ்த்ததற்கு
இந்த வீட்டில் ஒரே சாட்சி.
எந்தக் கூண்டில் ஏற்றினாலும் வாய் திறக்காது.

அவருக்கு நாய் என்றால் பயமாம்.
அதை இன்னும் வாய்தாவிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது கொஞ்சக் கூடாது,
"வரேன்" என்றுகூடச் சொல்லக் கூடாது,
சும்மா கடைக்குப் போவதுபோல் போய்விட வேண்டும்:
இதுவும் திருமேனி டாக்டர்தான்.
சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.
நாலு ஐம்பதுக்கு பஸ்.
சீப்பும் சார்ஜரும் இன்னும் உள்ளே வைக்கவில்லை.
பையின்மேல்
சரியாக ஜிப் இருக்கிற இடத்தில்
உட்கார்ந்துகொண்டு
என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறது.