வெளிநாடு போயிருக்கிறீர்களா

தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள்
ஐஸ் கம்பெனி மாடியில் வகுப்பு.
கீழே மிஷின் ஓடவில்லை,
சித்திரை வெயில் தரை வழியாகவும் ஏறி வந்தது.
பெஞ்சுகள் மாதா கோயிலில் இரவல்,
முழங்கால் இடிக்கும்.
நோட்டு ஏஜெண்ட் கொடுத்தது,
அட்டையில் ஒரு பனிமலை.
பதினொரு பேர்.
அறுபத்தொரு நாளில் ஆங்கிலம் பேசினால்
ஸ்காட்லாந்தில் இறால் படகு.

ரெமோனா டீச்சருக்கு என் தங்கை மகள் வயசு.
எங்களை சார் என்று கூப்பிட்டது.
முதல் நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
யாரையோ கூப்பிடுகிறது என்று நினைத்தோம்.

சேசுராயனுக்கு ஃபிஷ் வராது.
பிஷ், பிஷ் என்பான்.
முப்பது வருசம் அள்ளியவனுக்கு
அந்த ஒரு மீன் மட்டும் வலையேறவில்லை.
காற்றுக்கு விண்டு என்று எழுதச் சொன்னது.
கச்சானா, வாடையா, எந்தக் காற்று என்று கேட்டேன்.
டீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு
பரீட்சையில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள் சார் என்றது.

இருபதாம் பாடத்தில்தான் வந்தது அந்தக் கேள்வி.
ஹாவ் யூ எவர் பீன் அப்ராட்?
வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.
நோ.
நோ.
பெனான்சியுஸ் மட்டும்
எஸ், துபாய், டூ இயர்ஸ் என்றான்,
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
அடுத்தது நான்.

போயிருக்கிறேன்.
பாஸ்போர்ட் இல்லாமல், ஈரக் கைலியோடு,
நாலு மாதம் ஒன்பது நாள்.
எஞ்சின் நின்ற ராத்திரி
தண்ணீர் எங்களை எந்தப் பக்கம் இழுத்தது என்று
தண்ணீருக்குத்தான் தெரியும்.
விடிந்தபோது எதிரே சாம்பல் நிறக் கப்பல்.

அங்கேயும் ஒரு பாஷை படித்தேன்.
நோட்டு கிடையாது, பெஞ்சு கிடையாது.
வாடி வென்ன என்றான் ஒருவன்.
வாடி என்றதும்
கருவாடு காய்கிற நம் வாடி ஞாபகம் வந்து
நின்றுகொண்டே இருந்தேன்.
தோளில் விழுந்த அடியில்
உட்கார் என்று அர்த்தம் புரிந்தது.
வத்துர என்றால் தண்ணீர்.
அதை நானாகவே கற்றேன், நாக்கு வறண்டு.
கெதர யன்ன,
வீட்டுக்குப் போ.
கடைசி நாளில் கேட்டது,
அதற்கு மட்டும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் போர்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது:
இது முடிந்துபோன காலமில்லை சார்.
முடிந்ததுதான், ஆனால் இன்னும் ஆளோடு இருக்கிறது.
தமிழில் போயிருக்கிறேன் என்கிறோமே,
அந்த இருக்கிறேன்.

எனக்கு நன்றாகவே விளங்கிற்று.

ஆனால் ஏஜெண்ட் முதல் நாளே
என்னைத் தனியாகப் படியோரம் அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தான்:
அண்ணே, அந்த விஷயம் ஃபைலில் இல்லை.
உங்கள் வாயிலும் இருக்கக் கூடாது.

எழுந்து நின்றேன்.
நோ மேடம்.
ஐ ஹாவ் நெவர் பீன் அப்ராட்.

அறை அமைதியாகிவிட்டது.
என்னோடு அந்தப் படகில் இருந்த சேசுராயன்
பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வெரி குட் சார், ஒரு பிழைகூட இல்லை என்று
டீச்சர் கை தட்டியது.
மற்றவர்களும் தட்டினார்கள், சேசுராயனும்.

மெற்றில்டா இப்போதெல்லாம்
குழாயடியில் பெருமையாகச் சொல்கிறாளாம்:
எங்க வீட்டு ஆள் தூக்கத்தில்கூட இங்கிலீஷ்தான்.
நேற்று ராத்திரி ஒரே பேச்சு.
தண்ணி கேட்கிறாரா என்னவோ,
எனக்கு எங்கே புரியுது.